வெண்டைக்கு நாற்று வேண்டாம், விதையே போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நீடாமங்கலம் பக்கத்திலும் இப்போது பல வீடுகளில் மாடித்தோட்டம் வந்துவிட்டது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. இந்த ஆடிப்பட்டத்தில் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு வரக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஒரு நாற்றுப்பண்ணையில் குழித்தட்டு வெண்டை நாற்று 12 வாங்கினேன். ஒரு மாதத்து நாற்று என்றார்கள். இலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்தது. தட்டிலிருந்து எடுத்தால் வேர் அடியில் சுருண்டு சடை பின்னியதுபோல் இறுகிக் கிடக்கிறது. மனசில்லாமல்தான் நட்டேன். பத்து நாள் அப்படியே நின்றது, ஒரு துளிர்கூட இல்லை. அப்புறம் ஒரு முழ உயரத்திலேயே பூ எடுத்து, செடிக்கு மூன்று நான்கு காயோடு நின்றுபோனது. அன்றைக்கே பக்கத்துப் பையில் நான்கு விதையை நேராக ஊன்றியிருந்தேன். அவை இடுப்பு உயரம் வளர்ந்து இன்றும் ஒருநாள் விட்டு ஒருநாள் காய் தருகின்றன.

நெல் வயலில் என் அப்பா சொன்ன கணக்குதான் இது. பயிருக்கு எத்தனை மாதமோ, நாற்றுக்கு அத்தனை வாரம். 110 நாள் நெல் ரகமான ஆடுதுறை 36 என்றால் 20 நாள், கூடப்போனால் 22 நாளில் பறித்து நட்டுவிட வேண்டும். 155 நாளுக்கு மேல் நிற்கும் சி.ஆர். 1009 ரகத்துக்கு 35 நாள் நாற்றுகூடத் தாங்கும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காமல் தண்ணீர் தள்ளிப்போன வருடங்களில், நாற்றங்காலிலேயே முற்றிய குறுவை (குறுகிய நாள் நெல்) நாற்றை நட்டு, தூர் கட்டாமலே, அதாவது பக்கக்கிளை விடாமலே, கதிர் வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆயுள் குறைந்த பயிருக்கு ஒரு அடி பட்டால் தேறி எழுந்திருக்க நாள் இருக்காது. வெண்டையும் அப்படித்தான். 40 நாள் வாக்கில் பூத்து, மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். அதில் பத்து நாள் வாடி நின்றால் என்ன மிஞ்சும்? ஆணிவேர்ச் செடி வேறு, அந்த வேர் தட்டில் சுருண்டால் தேறுவது கஷ்டம்.

அதனால் வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, பீர்க்கு, புடலை எல்லாவற்றையும் கடைசிவரை இருக்கப்போகிற பையிலேயே ஊன்றுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று சரி. மிளகாய் 40 நாள்வரை பொறுத்துக்கொள்ளும். வெண்டைக்கு 12 அங்குலப் பை போதும். கொடிக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளியாவது வேண்டும்.

பெரிய பையில் சின்ன முளை இருந்தால் வேர் அழுகும் என்று பயப்படுகிறார்கள். அழுகுவது பையால் அல்ல, பை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவதால். முதல் இரண்டு வாரம் முளையைச் சுற்றி ஒரு டம்ளர் போதும். இன்னொன்று, நம் வண்டல் மண்ணை மட்டும் அள்ளி நிரப்பாதீர்கள். வயலில் பொன்னாக விளையும் அந்த மண் தொட்டியில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுத்துவிடும். பாதி மண்ணுக்குப் பாதி தொழு உரமும் தென்னைநார்க் கழிவுமாகக் கலந்து, அடியில் ஓட்டைமேல் பன்னாடை (தென்னை மட்டையின் அடியில் வலைபோல் இருப்பது) ஒரு துண்டு போட்டால் தண்ணீர் தேங்காது.

அணில் விதையைக் கிளறுகிறது என்பவர்கள் காகித டீ கப்பில் முளைக்கவிட்டு, இரண்டு இலை விட்டதும், பத்து நாளுக்குள், வெயில் தாழ்ந்தபின் கப்பின் அடியைக் கிழித்து மண் உதிராமல் பையில் இறக்கிவிடலாம்.

உங்கள் விவசாயப் பக்கத்தில் எதை நேராக விதைப்பது, எதை நாற்றாக நடுவது என்று ஒரு பட்டியல் போட்டால் உதவியாக இருக்கும். நாற்றுப்பண்ணைக்காரர்களும் ஒவ்வொரு தட்டிலும் விதைத்த தேதியை எழுதி ஒட்டட்டும். நாற்றின் வயதை வாங்குகிறவர்களே எண்ணிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்