நாணயச் சேகரிப்புக்கு ஓர் எல்லை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாணயம் சேகரிக்கத் தொடங்கும் பலர், கைக்குக் கிடைத்ததையெல்லாம் டப்பாவில் போட்டு நிரப்பிவிட்டு, விரைவிலேயே ஆர்வம் வற்றி விட்டுவிடுவது வருத்தமளிக்கிறது. எதைச் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்யாததே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

ஒரு நாடு, ஓர் ஆட்சிக்காலம், கப்பலோ பறவையோ பொறித்தவை என எல்லையை எப்படியும் வகுக்கலாம். ஆனால் அது நம்மால் முடிக்கக்கூடியதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். 2002 முதல் புழக்கத்தில் உள்ள ஜெர்மனியின் யூரோ நாணயங்களில், பெர்லினுக்கு ஏ, மியூனிக்குக்கு டி, ஸ்டுட்கார்ட்டுக்கு எஃப், கார்ல்ஸ்ரூவுக்கு ஜி, ஹாம்பர்க்குக்கு ஜே என, அச்சிட்ட நாணயச்சாலையைக் காட்டும் ஓர் எழுத்து மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒன்று போதும் என்பவருக்கு ஒரு நாணயம். நாணயச்சாலைவாரியாகச் சேர்ப்பவருக்கோ அதுவே ஐந்து.

புதுக்கருக்கு அழியாதவை மட்டுமா, தேய்ந்தவையும் சரியா என்பது அவரவர் வசதியைப் பொறுத்தது. தேய்த்துப் பளபளப்பாக்கிய பழைய செப்பு நாணயங்களை மட்டும் அறவே ஒதுக்க வேண்டும். காலத்தால் படிந்த பழுப்பு நிறம் போனால் மீளாது.

அபூர்வ நாணயங்களின் விலையோடு நின்றுவிடாமல், தேர்ந்தெடுக்கும் முறை பற்றியும் தங்கள் நாளிதழ் கட்டுரைகள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பில் ஈடுபாடுள்ள வாசகர்