வயிற்றுக் கிருமியும் மாரடைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை நிதானமாகத்தான் எழுதப்பட்டிருந்தது. தலைப்புத்தான் அவசரப்பட்டுவிட்டது. மாரடைப்பைத் தருவதே அந்தக் கிருமிதான் என்பதுபோல் போட்டால் வாசிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு பார்மசியில் வேலை செய்யும் எனக்குத் திங்கட்கிழமையே அது தெரிந்துவிட்டது. பத்திரிகைத் துண்டும் கிளினிக் கொப்பியுமாக வந்த ஐயா ஒருவர், "தம்பி, வயித்துக் கிருமிக்கு ரெண்டு கிழமைக் குளிசை தாங்கோ, ஹார்ட்டுக்கும் நல்லதாமே" என்றார். கொப்பியில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடினும் இருந்தன. கிருமிக்குப் பரிசோதனை செய்ததாக ஒரு வரியும் இல்லை.

இந்தக் கிருமி அல்சரைத் தரும் என்பதில் சந்தேகமில்லை. அவுஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டதும், 2005இல் ரொபின் வொரனோடு நோபல் பரிசு வாங்கியதும் பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் கிருமியை ஒழித்தால் புண் அநேகமாகத் திரும்பி வருவதில்லை என்பதுதான் அங்கே வாதத்தை முடித்து வைத்தது. இதயத்துக்கு அப்படியொரு நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை. 1994இல் லண்டன் ஆய்வொன்று தொடர்பு உண்டு என்றது. அதற்குப் பின் உண்டு, இல்லை என்று மாறி மாறி முடிவுகள். நீண்டகால அழற்சி இரத்தக் குழாயைக் கெடுக்கலாம், விட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறைந்து, இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் இரத்தத்தில் கூடலாம் என்று விளக்கம் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். வசதி குறைந்த, நெருக்கடியான வீட்டில் வளரும் பிள்ளைக்குத்தான் இந்தக் கிருமி அதிகம் தொற்றுகிறது. வறுமையில் வளர்ந்தவர்களுக்கு இதய நோயும் கூடுதலாக வருகிறது. எதற்கு எது காரணம் என்று பிரிப்பது லேசில்லை.

என் கவலை வேறு. இந்தக் கிருமிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அன்டிபயோட்டிக்குகளில் கிளாரித்ரோமைசின் ஒன்று. டென்மார்க்கில் 4,300க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அதை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில், அதை எடுத்தவர்களிடையேதான் இதய நோய் மரணம் கூடுதலாக இருந்தது என்று 2006இல் முடிவு வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2018இல் இதய நோயாளிகளுக்கு இதை யோசித்தே கொடுக்கச் சொன்னது. போதாததற்கு, கிளாரித்ரோமைசின் அட்டோர்வாஸ்டாடினோடு சேர்ந்தால் அட்டோர்வாஸ்டாடினின் அளவு இரத்தத்தில் ஏறித் தசையைப் பாதிக்கலாம். இதயத்துக்கு நல்லதென்று கேட்டு வாங்குகிற மருந்தின் கதை இது!

அதற்காகக் கிருமியைச் சும்மா விடுங்கள் என்று சொல்லவில்லை. பிரித்தானியாவில் அஸ்பிரின் எடுக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில், கிருமி இருப்பதாகத் தெரிந்த 5,000க்கும் அதிகமானோரை வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. கிருமியை ஒழித்தவர்களுக்கு முதல் இரண்டரை வருடம் அல்சர் இரத்தக்கசிவு நன்றாகவே குறைந்திருந்தது. நம்மவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம் இதுதான்.

முதலில் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோலை நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லையென்று காட்டலாம். 'வாய்வு' என்று தினமும் அதை விழுங்குகிறவர்கள் கொழும்பில் ஏராளம். அஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒமிப்பிரசோலை நிறுத்துவதும் ஆபத்து. அடுத்த வாரம் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

மருந்தக ஊழியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.