செயலாளர் அறிக்கை: படம் கீறத் தொடங்கிய ஆண்டு

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதனால் இந்த ஆண்டு செய்த ஒரு மாற்றத்தைப் பற்றியே எழுதுகிறேன். நாம் ஆளுக்கொரு பாத்திரமாகி விளையாடும் கதை ஆட்டத்தில், கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் நடத்துநர் மேசையில் இடத்தின் வரைபடத்தை விரித்து வைப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது அவர் வாயால் சொல்வார், விளையாடுபவர்களில் ஒருவர் சதுரக்கோட்டுக் கொப்பியில் கீறுவார்.

இது பழைய வழக்கம்தான். 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இவ்வகை ஆட்டம் வந்த காலத்திலேயே குழுவில் ஒருவருக்கு இதுதான் வேலை. ஒரு கட்டம் பத்து அடி. 'கிழக்கே முப்பது அடி போய் வடக்கே திரும்புது' என்றால் மூன்று கட்டம் கீறித் திரும்ப வேண்டும், பிழையாகக் கீறினால் வெளியே வரும் வழியும் பிழைத்துவிடும் என்பதால் முன்பு கைப்பேசியோடு இருந்தவர்கள்கூட இப்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள். சுற்றிவர அறைகள் கீறிய பிறகு நடுவில் வெற்றிடம் மிஞ்சினால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது, அதை நடத்துநர் சொல்லவே தேவையில்லை. இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த கணம் அதுதான்.

கணினியில் 1981இல் வந்த விசார்ட்ரி என்ற நிலவறை ஆட்டத்தை எடுத்தோம். ஒவ்வொரு தளமும் இருபதுக்கு இருபது கட்டம், ஓரத்தைத் தாண்டினால் எதிர் ஓரத்தில் நிற்போம், சில கட்டங்கள் சத்தமில்லாமல் நம்மைத் திசை திருப்பிவிடும். நிற்கும் இடத்தை அறிய டுமாபிக் என்ற மந்திரம் உண்டு, மற்றதெல்லாம் நம் பென்சில்தான். சின்னவர்களுக்கு 2007இல் வந்த எட்ரியன் ஒடிஸி நல்லது, நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத்திரைக் கையடக்க ஆட்டக் கருவியின் கீழ்த்திரையிலேயே கீறலாம்.

ஆட்டக் களத்தை நம் ஊரான மட்டக்களப்பிலேயே எடுத்தோம். 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த புளியந்தீவுக் கோட்டை நிலவறை ஆட்டத்துக்கு. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து வாவி கடந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போவது வெளிநில ஆட்டம். வெளிநிலத்துக்கு அறுகோணக் கட்டம்தான் சரி, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தூரம் ஒன்றுதான், சதுரத்தில் மூலைவழியே போனால் தூரம் கூடிவிடும். படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் எந்தத் துறையில் தோணி கிடைக்கும் என்று சொல்லச் சொல்ல மற்றவர்கள் கீறினார்கள். அப்புறம் ஒரு குறை: எல்லாக் கூட்டத்திலும் அதே இரண்டு மூன்று பேர்தான் கொப்பியைப் பிடிக்கிறார்கள், இனி முறை வைத்து மாற வேண்டும்.

வரும் ஆண்டுக்கு அறுகோணத் தாள் அச்சடிக்கவும், கொப்பிகளை வைக்க ஓர் அலுமாரி வாங்கவும் சபையின் அனுமதி கேட்கிறோம். கொப்பிகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் மாரி மழைக்கு முன் கொண்டுவந்து தாருங்கள்.