மியூ ஏரியில் தூண்டில் ஈயக்குண்டுப் பாவனையை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: ரொறன்ரோவிலிருந்து தூண்டில் போட வரும் தமிழர்கள்
பெறுநர்: பூங்கா மேலாளர் அவர்கள், அல்கொன்குயின் மாகாணப் பூங்கா, ஒன்ராறியோ

பொருள்: 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகளும் ஈய ஜிக்குகளும் (ஈயத்தலை வைத்த தூண்டில் முட்கள்)

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

60ஆம் நெடுஞ்சாலையோரத்து மியூ ஏரி, கரையில் நின்றே தூண்டில் போடக்கூடிய சிறிய ஏரி. கூடாரத் தளம் கரையை ஒட்டியே இருப்பதால் புதிதாகப் பழகுபவர்களும் சிறுவர்களும் அதிகம். தண்ணீருக்குள் கிடக்கும் மரத்தில் முள் மாட்டினால் அவர்கள் தங்கூசியை (தூண்டில் நூலை) இழுத்து அறுப்பார்கள். குண்டு ஏரிக்குள் போய்விடும். குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. அது ஏரியில் வாழும் லூன் என்னும் முக்குளிக்கும் நீர்ப்பறவைக்கு முன்பே பிள்ளைக்குக் கேடு.

லூன் பறவை இரையை அரைப்பதற்காக அடித்தளத்துச் சிறு கற்களை விழுங்கும். அதோடு ஈயக்குண்டும் உள்ளே போகலாம். அறுந்த தங்கூசியோடு திரியும் மீனைத் தின்றாலும் போகும். அரைவைப்பையில் கல்லோடு உரசி ஈயம் தேய, அமிலம் அதைக் கரைத்து இரத்தத்தில் கலந்துவிடும். ஒரே ஒரு குண்டு போதும். தலை தொங்கி, முக்குளிக்க முடியாமல் கரையொதுங்கிச் சில வாரங்களில் இறந்துவிடும். லூன் முட்டையிடத் தொடங்கவே பெரும்பாலும் 6 வயதாகும், இடுவதும் வழக்கமாக 2 முட்டைதான். சிறிய ஏரியில் ஒரு சோடிதான் தங்கும் என்பதால் ஒன்று செத்தால் அந்த வருடக் குஞ்சும் இல்லை.

கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுக்கும் ஜிக்குக்கும் 1997 முதல் தடை உள்ளது. மாகாணப் பூங்காக்கள் அந்த விதிக்குள் வரவில்லை. அதே அளவை மியூ ஏரிக்கும் கொண்டுவரும்படி அமைச்சுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

மாற்றுப் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளீயம் மென்மையானது, ஈயம் போலவே குறட்டால் நெரிக்கலாம். அடர்த்தி ஈயத்துக்கு 11.3, வெள்ளீயத்துக்கு 7.3 என்பதால் அதே எடைக் குண்டு விட்டத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். உருக்கு மலிவு, ஆனால் துருப்பிடிக்கும். டங்ஸ்டன் ஈயத்தைவிடப் பாரம், விலைதான் கடிக்கும். கரையிலிருந்து 2, 3 கிராம் போடுகிறவருக்கு வெள்ளீயமே தாராளம்.

விதி வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. கூடாரத் தள அலுவலகத்தில் ஈயத்தைக் கொடுத்து வெள்ளீயம் வாங்கும் பெட்டி ஒன்று வேண்டும். மூடியில் காசு போடும் அளவுக்கே துளை இருக்கட்டும். திறந்த பெட்டியில் சிறுவர்கள் கைவிடுவார்கள். சேரும் ஈயம் குப்பைக்குப் போகாமல் பழைய உலோகத்துக்குப் போக வேண்டும். அறுந்த தங்கூசிக்கு 6 அங்குல விட்டத்தில் 2 அடி பீவீசீ குழாயை நட்டு, மேலே வளைவுக் குழாய் பொருத்தினால் மழையும் பறவையும் உள்ளே போகா. அடிமூடி கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் நிரம்பி அப்படியே கிடக்கும்.

அறிவிப்புப் பலகையில் தமிழிலும் இரண்டு வரி போதும்: குண்டைத் தனியாக ஒரு மெல்லிய தங்கூசியில் கட்டுங்கள், பிரதானத் தங்கூசி 8 இறாத்தல் இழுவை தாங்குமென்றால் இது 4 இறாத்தல் தாங்கினால் போதும். குண்டு சிக்கினால் அது மட்டும் அறும், முள்ளும் மீனும் தப்பும்.

ட்ரவுட் மீன்பிடிப் பருவம் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை திறக்கிறது. பனி உருகிய கையோடு லூன்களும் வந்துவிடும். பெட்டியும் பலகையும் அதற்கு முன் வைக்கப்பட வேண்டும். தமிழ் வாசகத்தை எழுதித் தரவும், பெட்டியை வாரந்தோறும் எடைபோட்டுக் குறித்துத் தரவும் நாங்கள் ஆயத்தம்.

இங்ஙனம்,
கையொப்பமிட்டோர்