கருப்பட்டிக் காப்பியும் காப்பிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் காப்பி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பித்தளை ஃபில்டர், டவரா செட், தண்ணீர் கலக்காத பசும்பால், முதல் டிகாக்‌ஷன் என்று நாக்கில் எச்சில் ஊறும்படி எழுதியிருந்தார் கட்டுரையாளர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் நானும் அந்தக் காப்பியை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடிப்பவள்தான். ஆனால் கடைசிப் பத்தியில், கருப்பட்டி போட்ட கடுங்காப்பியைப் பாலுக்கு வழியில்லாத காலத்தின் மிச்சம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தங்கச்சிமடத்துக்காரி. எங்கள் வீட்டில் கறவை மாடு நின்ற காலத்திலும் விடியற்காலையில் அடுப்பில் ஏறியது கடுங்காப்பிதான். பால் இல்லாததால் அல்ல, கடலுக்குப் போகிற வீடு என்பதால். நாட்டுப்படகுக்காரர்கள் இருட்டோடு இறங்கிவிடுவார்கள். விசைப்படகில் மீன்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை தொடுவார்கள். பால் ஊற்றிய காப்பி நாலைந்து மணி நேரம் ஃபிளாஸ்கில் கிடந்தால் ஒரு வாடை அடிக்கும். வெயிலும் ஏறிவிட்டால் திரிந்தே போகும். கடுங்காப்பிக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆறிப்போனாலும் குடிக்கலாம். கச்சான் காற்றில் படகு ஆடும்போது வயிற்றில் பால் கிடந்தால் குமட்டிக்கொண்டு வரும் என்று என் மாமனார் கடைசி வரை கடலுக்குப் போகுமுன் பாலைத் தொட்டதில்லை. கரைக்கு வந்து வலையைப் பிரித்துப் போட்ட பிறகு அதே மனிதர் ஏடு மிதக்கிற பால் காப்பி கேட்பார். நேரத்துக்கு ஒரு காப்பி, வேலைக்கு ஒரு காப்பி என்று இருந்ததை வறுமையின் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

தண்ணீரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆற்றுத் தண்ணீர் தாராளமாக ஓடுகிற ஊர்க்காரருக்கு அது தோன்றாதுதான். எங்களுக்குக் காப்பி என்றாலே முதல் பேச்சு தண்ணீர்தான். எங்கள் கரையில் பெரும்பாலான இடங்களில் போர் போட்டால் உப்புத்தண்ணீர். அதில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். காப்பி போட முடியாது. எவ்வளவு உசத்தியான தூளாக இருந்தாலும் மணம் அமுங்கிப்போய் நுனிநாக்கில் கரிப்பு நிற்கும். பாலை ஊற்றினால் அந்தக் கரிப்பு இன்னும் எடுத்துக் காட்டும், சில நாள் பாலே முறிந்துவிடும். அதனால்தான் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடிப்பதில் ஒரு குடத்தைக் காப்பிக்கென்றே ஒதுக்கி மூடி வைக்கிறோம். கருப்பட்டியில் இயல்பாகவே ஒரு மெல்லிய உப்புச்சுவை உண்டு. அதனால் தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கருப்பட்டிக் காப்பியில் அது உறுத்தாது. சீனிக்கு அந்தத் தயவு கிடையாது.

தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் இடிந்த தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே குடிசைகளில் இருப்பவர்களின் ஊற்றை யாரும் பார்ப்பதில்லை. கூப்பிடு தூரத்தில் கடல் கிடக்க, மணலைக் கையாலேயே தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் நல்ல தண்ணீர் சுரக்கும். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிடக் கனம் குறைந்தது என்பதால் மணலுக்கடியில் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆசைப்பட்டு மொத்தமாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அதனால் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு, மணல் கலங்காமல் குடத்தில் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீரில் போட்ட கடுங்காப்பியைக் கட்டுரையாளர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுதியிருந்தால் அந்தக் கடைசிப் பத்தி வேறு மாதிரி வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காப்பிக்கும் கடலோரத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோல எழுதியிருப்பதும் வருத்தமாக இருக்கிறது. இலங்கையில் தேயிலை வருவதற்கு முன்னால் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள்தான் இருந்தன. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமை ஏழைச் சனங்கள்தான் அங்கே கூலிக்குப் போனார்கள். இந்தக் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869-இல் இலைத் துரு நோய் கண்டு அந்தத் தோட்டங்கள் அழிந்த பிறகுதான் இலங்கை தேயிலைக்கு மாறியது. ஆக, காப்பிப் பழம் பறித்த கைகள் எங்கள் பக்கத்துக் கைகள். பின்னால் மண்டபம் முகாமுக்கு அகதிகளாக வந்த இலங்கைத் தமிழர்கள் பிளேன்டீயை, அதாவது பால் இல்லாத டீயை, சீனி கலக்காமல் ஊற்றி, உள்ளங்கையில் சீனியை வைத்துத் தொட்டுக்கொண்டு குடித்தார்கள். என் மாமியார் கடுங்காப்பியை அப்படித்தான் குடிப்பார். கருப்பட்டித் துண்டைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, காப்பியைக் கசப்பாகவே உறிஞ்சுவார். எவ்வளவு இனிப்பு வேண்டும் என்பது ஒவ்வொரு வாய்க்கும் அவர் கையிலேயே இருந்தது.

தூள் விஷயத்தில் கட்டுரையாளரோடு பாதி ஒத்துப்போகிறேன். பால் காப்பிக்குக் கொஞ்சம் சிக்கரி இருந்தால் நிறமும் கெட்டியும் கிடைக்கும். கடுங்காப்பிக்குச் சிக்கரி ஆகவே ஆகாது; பால் என்கிற மறைப்பு இல்லாததால் கசப்பு மட்டும் தொண்டையில் நிற்கும். சிக்கரி என்பது வறுத்த கிழங்குதான், அதில் காப்பியின் சுறுசுறுப்பு துளியும் கிடையாது. கலந்து விற்கும் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கருப்பட்டியிலும் கலப்படம் உண்டு. சாயல்குடிப் பக்கம் தெரிந்த பனையேறிகளிடம் வாங்கினால் கவலை இல்லை. கடையில் வாங்கினால் உடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே பளபளவென்று மின்னினால் சீனிப்பாகு சேர்த்தது என்று எங்கள் பக்கம் ஒதுக்கிவிடுவோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று பலர் நம்பிக் குடிக்கிறார்கள். அது தப்பு. கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவர்களுக்கு என் மாமியார் வழக்கத்தில் பாதி மட்டும் போதும். கருப்பட்டித் துண்டை விட்டுவிட்டு, காப்பியை மட்டும் கசப்பாகக் குடித்துவிடலாம்.

இராமேஸ்வரத்தில் கடை போட்டிருப்பவர்களைப் பார்த்து எனக்கு மரியாதை உண்டு. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு நடுங்கி வருகிற வடநாட்டுக்காரர் இஞ்சி தட்டிய டீ கேட்பார், மதுரைக்காரர் டிகாக்‌ஷன் தூக்கலாக, சீனி கம்மியாக என்பார், நம்மூர்ப் பெரியவர் ஆற்றாமல் கொடு என்பார். முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றையும் போட்டுக் கொடுக்கிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அந்தப் பொறுமை நம் வீடுகளிலும் கல்யாணப் பந்திகளிலும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்காமலே சீனியைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்து நீட்டுகிறோம், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறோம். சீனியைத் தனியாக வைத்துவிட்டால் என்ன குறைந்துபோகும்?

கட்டுரையோடு ஃபில்டர் காப்பிப் பக்குவம் கட்டம் கட்டி வந்திருந்தது. அதே போல எங்கள் பக்குவத்தையும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலு தம்ளர் நல்ல தண்ணீரில் பெரிய எலுமிச்சை அளவு கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரையவிடுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும், துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள். மறுபடி கொதி வந்ததும் சிக்கரி இல்லாத தூள் மூன்று தேக்கரண்டி போட்டால் சட்டென்று பொங்கும். அந்தப் பொங்கலிலேயே இறக்கித் தட்டால் மூடி, தூள் அடியில் உட்கார்ந்ததும் மேலாக ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு துண்டு சுக்கு தட்டிப் போடலாம். பால் வேண்டும் என்பவர்கள் இறக்கிய பிறகு, தம்ளரில் ஊற்றி அதன்மேல் பால் சேர்க்க வேண்டும். கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும். வாசகர்கள் யாராவது செய்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதினால் அதையும் தயவுசெய்து பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்