சாந்திக்கு, மெடிகேர் விஷயமாக

எடிசன், நியூ ஜெர்சி
23 நவம்பர் 2025

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தி சோபாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இவருக்கும் படித்துக் காட்டினேன். அப்புறம் ராத்திரி பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

மார்ச்சில் உனக்கு 65, அரசாங்கத்தின் முதியோர் மருத்துவ இன்ஷூரன்ஸான மெடிகேர் தொடங்கும் வயது. பிப்ரவரி கடைசியோடு வேலையை விடுகிறாய். உன் வீட்டுக்காரர் அண்ணனும் இத்தனை நாள் உன் ஆபீஸ் இன்ஷூரன்ஸில்தான் இருந்தார். கோயிலில் பழக்கமான ஏஜென்ட் ஒருவர், மாதம் பூஜ்யம் டாலர், பல்லும் கண்ணும் சேர்த்து என்று ஒரு அட்வான்டேஜ் பிளானை, அதாவது மெடிகேரைத் தனியார் கம்பெனி மூலம் வாங்குகிற பிளானைக் காட்டியிருக்கிறார். "நீங்கள் ரெண்டு பேரும் அனுபவப்பட்டவர்கள், சொல்லு" என்கிறாய்.

எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு விதம், எனக்கு ஒரு விதம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவருக்கு 65 ஆனது 2021இல். எங்களிடமும் இதே மாதிரி ஒரு பூஜ்யம் பிரீமியம் பிளானை நீட்டினார்கள். அப்போது இவர் தலைவலி மாத்திரைகூடப் போடாத மனுஷன். கையெழுத்துப் போட்டுவிட்டார். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. 2022 அக்டோபரில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த டாக்டர் தங்கமான மனிதர். பயந்துபோய்ப் படுத்திருந்த இவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து, எந்தக் குழாய், எங்கே அடைப்பு என்று காட்டினார். அந்தக் காகிதம் இன்னும் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

அடுத்த ஏப்ரலில் பிளானிலிருந்து ஒரு கடிதம். அந்த டாக்டர் இனி எங்கள் நெட்வொர்க்கில் இல்லை, இந்தப் பட்டியலிலிருந்து வேறு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்று நாலு வரி. டாக்டர் ஊரை விட்டுப் போகவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் அதே கட்டிடத்தில்தான் இருக்கிறார். இவர் மட்டும் அங்கே போக முடியாது.

சரி, அரசாங்கமே நேராக நடத்துகிற ஒரிஜினல் மெடிகேருக்கே திரும்பிவிடலாம் என்று, பிளான் மாற்றும் காலம் தொடங்கும் அக்டோபர் 15 வரை காத்திருந்தோம். டிசம்பர் 7 வரை யார் வேண்டுமானாலும் திரும்பலாம், அதில் தடை இல்லை. ஆனால் ஒரிஜினல் மெடிகேர் டாக்டர் செலவில் 80 சதவீதம்தான் கொடுக்கும். மீதி 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அந்த 20 சதவீதத்தைத் தாங்கத்தான் மெடிகேப் என்கிற துணை பாலிசி. விண்ணப்பத்தின் இரண்டாவது பக்கத்திலேயே கேள்வி: கடந்த இரண்டு வருடத்தில் இதய சிகிச்சை நடந்ததா? ஆமாம் என்று எழுதினார். இரண்டு கம்பெனியும் மறுத்துவிட்டன.

இது யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம், சாந்தி. 65க்கு மேல் பார்ட் பி (டாக்டர் செலவுக்கான மெடிகேர் பகுதி) தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம் மட்டும்தான், எந்த நோய் இருந்தாலும் மெடிகேப் கம்பெனி உன்னைச் சேர்த்தே ஆகவேண்டும். கூடுதல் பணமும் கேட்கக்கூடாது. 65 ஆனவுடன் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவர்களுக்கு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்ப ஒரு வழி உண்டு. அதையும் தாண்டிவிட்டால், நியூ யார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் இந்த நாலு மாநிலம் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் கம்பெனி வைத்ததுதான் சட்டம். எங்கள் ஜெர்சியும் அந்த நாலில் இல்லை, உங்கள் டெக்ஸாஸும் இல்லை. ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருந்திருந்தால் இவருக்குக் கிடைத்திருக்கும். இதை நினைத்து எத்தனை ராத்திரி எனக்குத் தூக்கம் போயிருக்கிறது தெரியுமா?

எனக்கு 65 வந்தபோது நான் அந்த ஆறு மாதத்தை விடவில்லை. ஒரிஜினல் மெடிகேர், கூட மெடிகேப் பிளான் ஜி, மருந்துக்குத் தனியாக பார்ட் டி. இந்த வருடம் பார்ட் பிக்கு மாதம் 185 டாலர், பிளான் ஜிக்கு 168, மருந்து பிளானுக்குக் கொஞ்சம். மாதாமாதம் போகிற காசைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மே மாதம் ஒரு கண்ணிலும் ஜூனில் மறு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. மெடிகேர் கொடுக்கத் தொடங்குமுன் வருடத்துக்கு ஒருமுறை நாமே கட்டவேண்டிய பார்ட் பி டிடக்டிபிள் 257 டாலர். அது போக டாக்டர், ஆஸ்பத்திரி, மயக்க மருந்து எதற்கும் என் கையிலிருந்து ஒரு டாலர் போகவில்லை. எந்த டாக்டர் நெட்வொர்க்கில் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, முன் அனுமதிக்காக யாரும் காக்க வைக்கவில்லை.

வருகிற ஜனவரியிலிருந்து பார்ட் பி 202 டாலர் 90 சென்ட். டிடக்டிபிள் 283. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், அதற்கான பகுதியான பார்ட் ஏவின் டிடக்டிபிள் 1,736, அதைப் பிளான் ஜி கட்டிவிடும். ஒன்றை மட்டும் அந்த ஏஜென்டிடம் கேள்: பூஜ்யம் பிளான் எடுத்தாலும் பார்ட் பியின் 202.90 மாதாமாதம் போகும்தானே? போகும். அட்வான்டேஜில் நம் கைச்செலவுக்கு வருடத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அது நல்ல விஷயம்தான். ஆனால் 2026இல் நெட்வொர்க்குக்குள்ளேயே அது 9,250 டாலர் வரை இருக்கலாம்.

அட்வான்டேஜே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியம் ஒன்றுதான் வருமானம். மெடிகேப்புக்கு மாதம் 168 கட்டச் சொன்னால் அவர் எங்கே போவார்? அவருக்கு வேண்டிய டாக்டர்கள் எல்லாரும் அவருடைய பிளானில் இருக்கிறார்கள், நன்றாகவே போகிறது. நாட்டில் பாதிக்கு மேல் மெடிகேர்காரர்கள் அதில்தான் இருக்கிறார்கள். உன்னால் கட்ட முடியும், அண்ணனுக்கு ஏற்கெனவே இதயத்தில் தொந்தரவு இருக்கிறது. அதனால்தான் உனக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி டாக்டர் தேடுகிற கதை. என்னைப் பத்தொன்பது வருடம் பார்த்த டாக்டர் போன வருடம் வருடச் சந்தா முறைக்கு மாறிவிட்டார். 2,000 டாலர் கட்டினால் தொடர்ந்து பார்ப்பார். சந்தாவுக்கு மெடிகேர் ஒரு பைசா தராது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஒன்பது கிளினிக்குக்குப் போன் செய்தேன். முதல் மூன்று இடத்தில் "மெடிகேர் எடுப்பீர்களா?" என்று கேட்டேன். மூன்றிலும் ஆமாம் என்றார்கள். அட்டை விவரம் சொன்ன பிறகுதான் ஒன்றில் புதிய நோயாளிகள் வேண்டாம் என்றார்கள். இன்னொன்றில் அவர்கள் சொன்ன மெடிகேர் ஏதோ இரண்டு அட்வான்டேஜ் பிளான். மூன்றாவதில் ஐந்து மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

நாலாவது போனிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டேன். "ஒரிஜினல் மெடிகேரில் இருக்கிறேன். டாக்டர் அசைன்மென்ட் ஏற்றுக்கொள்கிறாரா? புதிதாக என்னைச் சேர்த்துக்கொள்வாரா? முதல் தேதி எப்போது கிடைக்கும்?" இந்த மூன்றையும் இதே வரிசையில் கேள். அசைன்மென்ட் என்றால் மெடிகேர் வைத்த கட்டணத்தோடு நிறுத்திக்கொள்வார் என்று அர்த்தம். பெரும்பாலான டாக்டர்கள் அப்படித்தான். சிலர் மெடிகேர் எடுத்தாலும் 15 சதவீதம் வரை கூடக் கேட்கலாம், பிளான் ஜி இருந்தால் அதையும் அதுவே கொடுத்துவிடும். மெடிகேரை விட்டே விலகிய டாக்டர்களும் உண்டு, மனநல டாக்டர்களில் அவர்கள் அதிகம். அவர்களிடம் போனால் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முழுப் பணமும் நம்மிடமே வாங்குவார்கள். மெடிகேரும் தராது, மெடிகேப்பும் தராது. அண்ணனுக்குத் தூக்கத்துக்காக ஒருவரைப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் கட்டாயம் இதைக் கேட்டுவிடு.

ஒன்பதாவது கிளினிக்கில் கிடைத்தார் எனக்கு ஒரு டாக்டர். சின்னப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே என் மருந்துப் பாட்டில்களை மேஜையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து எதற்கு என்று என்னையே சொல்லச் சொன்னாள். எனக்கு வயதாகும்போது அவள் ரிட்டயர் ஆகமாட்டாள் என்பதே பெரிய நிம்மதி.

உன் விஷயத்தில் இன்னும் சிலது. உன் பதிவுக் காலம் டிசம்பரிலேயே திறக்கிறது. பிப்ரவரிக்குள் பதிந்துவிட்டால் மார்ச் 1ஆம் தேதி அட்டை வேலை செய்யும். வேலையை விட்ட பிறகும் அதே இன்ஷூரன்ஸில் தொடர்கிற கோப்ரா வசதியை ஆபீஸில் தருகிறார்கள், அதில் கொஞ்ச நாள் இருக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதை நம்பி பார்ட் பியைத் தள்ளிப்போடாதே. கோப்ராவை வேலையில் இருக்கிற இன்ஷூரன்ஸாக மெடிகேர் கணக்கில் எடுக்காது. காலம் தவறினால் ஒவ்வொரு முழு வருடத் தாமதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம், அநேகமாக ஆயுள் முழுக்க. அண்ணனுக்கு நீ வேலையை விட்டதிலிருந்து எட்டு மாதம் அவகாசம் உண்டு. இருந்தாலும் உன்னோடு சேர்த்தே பதிந்துவிடு. ஆபீஸ் இன்ஷூரன்ஸில் இருந்தார் என்று உன் ஆபீஸ் ஒரு படிவத்தில் எழுதித் தரவேண்டும், வேலையில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்.

அவர் இங்கே ஏழு வருடம்தானே வேலை பார்த்தார், பிரீமியம் இல்லாத பார்ட் ஏவுக்கு வேண்டிய 40 காலாண்டு வேலைக் கணக்கு இல்லையே என்று கவலைப்படாதே. உன் கணக்கிலேயே அவருக்கு பார்ட் ஏ பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். ஒவ்வொரு சம்பளத்திலும் மெடிகேருக்கென்று 1.45 சதவீதம் பிடித்தார்களே, அதுதான் இப்போது உங்கள் இருவரையும் தாங்குகிறது. நீ ராத்திரி ஷிப்டு பார்த்த வருடங்களெல்லாம் அதில் இருக்கிறது.

2026 பிரீமியத்துக்கு 2024 வருமானத்தைப் பார்ப்பார்கள். கணவன் மனைவி சேர்த்து 2,18,000 டாலரைத் தாண்டியிருந்தால் கூடுதல் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். வந்தால் பயந்துபோய்க் கட்டிவிடாதே. வேலையை விட்டுவிட்டேன், வருமானம் குறைந்துவிட்டது என்று சோஷியல் செக்யூரிட்டிக்கு எஸ்எஸ்ஏ-44 படிவம் போடு.

உன் சர்க்கரை மாத்திரை ஜனுவியா, மெடிகேர் பேரம் பேசி விலை குறைத்த முதல் பத்து மருந்துகளில் ஒன்று. ஜனவரி 1 முதல் அந்த விலை வருகிறது. பார்ட் டியில் சேர்ந்த மருந்துகளுக்கு நம் கைச்செலவு அடுத்த வருடம் 2,100 டாலரைத் தாண்டாது.

மெடிகேர் இந்தியாவில் செல்லாது. பிளான் ஜியில் வெளிநாட்டு அவசரத்துக்குக் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கினால்தான். நாங்கள் திருச்சிக்கு மூன்று மாதம் போவதால் ஒவ்வொரு தடவையும் தனியாகப் பயண இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுகிறோம்.

அந்த ஏஜென்ட் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கமிஷன் வாங்காத ஒருவரிடமும் ஒரு மணி நேரம் உட்கார். ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனை உண்டு, டெக்ஸாஸில் அதற்கு ஹைகேப் என்று பெயர். இங்கே எங்கள் ஜெர்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரிட்டயரான ஒரு பள்ளி டீச்சர். நூலகத்தில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து, நான் கேட்டதையே மூன்று தடவை கேட்டும் முகம் சுளிக்காமல் சொன்னார். இவருக்கு 65 வந்தபோது அந்த அம்மாவைத் தெரிந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங்குக்கு மகன் குடும்பத்தோடு வருகிறான். அது முடிந்து ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை ஒன்பதுக்குப் போன் செய்கிறேன். அண்ணனின் மாத்திரைப் பெட்டியையும், அவர் பார்க்கிற டாக்டர்கள் எல்லாருடைய பெயரையும் எடுத்துவைத்துக்கொள். ஒவ்வொருவருக்கும் என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து எழுதிவிடலாம். திங்கட்கிழமை கிளினிக் திறந்ததும் நீ போன் செய்ய ஆரம்பித்துவிடலாம்.

அண்ணனை நடைப்பயிற்சியை விடாமல் இருக்கச் சொல். பேத்திக்கு என் முத்தம்.

உன்
வசந்தா