கிரான்வில் வீட்ட வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி மாப்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ள,

உன் வாய்ஸ் நோட்ட மூணு தடவ கேட்டேன். சிட்னியில இந்த கிரான்வில் ஏரியாவுல உனக்காக நான் பார்த்து வச்ச வீட்டப் பத்தி "அது லெபனான்காரங்க ஏரியா, ஃபேமிலியோட போகாதீங்க"ன்னு உன்கிட்ட யாரோ சொல்லியிருக்காங்க, வேற பக்கம் பார்க்கலாமான்னு நீ கேட்குற. போன்ல பேசுனா கோபத்துல ஏதாவது சொல்லிடுவேன்னு தான் எழுதுறேன். சிட்னிக்கு வரப்போற மத்தவங்களும் படிக்கட்டும்னு இங்கயே போடுறேன்.

ஆறு வருஷமா நான் குடியிருக்குறது ஒரு லெபனான் குடும்பத்து வீட்டுக்குப் பின்னாடி இருக்குற சின்ன வீட்டுல. வீட்டுக்காரம்மாவ தெருவே டீட்டான்னு தான் கூப்பிடும், டீட்டான்னா பாட்டி. முதல் நாள் வீடு பார்க்கப் போனப்ப எந்த ஊருன்னு கேட்டாங்க, சென்னைன்னேன், தலைய ஆட்டிட்டு "அது டவுன், உன் கிராமம் எது?"ன்னாங்க. இந்த நாட்டுல யாருமே என்கிட்ட அந்தக் கேள்விய கேட்டதில்லடா. என் கிராமத்துப் பேர சொன்னேன், ரெண்டு தடவ சொல்லிப் பார்த்துட்டு சாவிய கையில கொடுத்துட்டாங்க.

பாப்பா பொறந்தப்ப அம்மாவால வர முடியல, உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு சாயங்காலம் டீட்டா ஒரு தட்டு நிறைய சின்னச் சின்ன கண்ணாடி கிண்ணத்தோட வந்து நிக்குறாங்க. அரிசி மாவுல சோம்பு, பட்டை, அப்புறம் சீரகம் மாதிரியே இருக்குற கேரவேன்னு ஒரு விதையப் பொடிச்சுப் போட்டு அடி பிடிக்காம மணிக்கணக்கா கிண்டி, மேல ஊறவச்ச பாதாம், வால்நட், தேங்காத்துருவல். பேரு மெக்லி. பிள்ளை பொறந்த வீட்டுக்கு யார் வந்தாலும் இதுல ஒரு கிண்ணம் கொடுக்காம அனுப்பக் கூடாதாம். உன் பொண்டாட்டி இதச் செய்ய முடியாது, செய்ய அவ அம்மாவும் இங்க இல்ல, அதனால நான் செஞ்சேன்னாங்க. கிறிஸ்மஸுக்கும் அந்த வீட்டுல இதான், அன்னைக்கும் ஒரு குழந்தை தான பொறந்துச்சு. எங்களுக்கு பிரசவ லேகியம் ஊர்ல இருந்து வரல மாப்ள, மெக்லி வந்துச்சு.

இந்த லெபனான்காரங்க நேத்து வந்தவங்க இல்ல. 1880கள்லயே வர ஆரம்பிச்சுட்டாங்க, அப்ப லெபனான்னு தனி நாடே கிடையாது, துருக்கி சுல்தானோட ஒட்டோமான் ராஜ்யத்துல ஒரு மலை. அந்த மலை முழுக்க முசுக்கட்டை மரம் வளர்த்து பட்டுப்புழுவ நம்பி வாழ்ந்த சனம், சீனா ஜப்பான் பட்டு வந்து விலை விழுந்ததும் பிரேசில், அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு கிளம்பிட்டாங்க. இங்க வந்தவங்களுக்கு சிட்னியில ரெட்ஃபெர்ன்ங்குற ஏரியா தான் முதல் வீடு. அங்க அவங்க ஆளுங்களே மொத்தக் கடை வச்சு கடனுக்கு சரக்கு கொடுப்பாங்க, ஊசி நூலு ரிப்பன் துணின்னு முதுகுல மூட்டைய கட்டிக்கிட்டு ஆணும் பொண்ணும் நூத்துக்கணக்கான மைல் பண்ணை பண்ணையா நடந்து வித்திருக்காங்க. ரெட்ஃபெர்ன் பக்கம் 1890கள்லயே சர்ச்சும் கட்டிட்டாங்க. ஆனா 1901ல வந்த வெள்ளை ஆஸ்திரேலியா சட்டம் இவங்கள ஆசியாக்காரங்கன்னு தள்ளி வச்சுது, முதல் உலகப் போர்ல துருக்கி சுல்தானோட பிரஜைன்னு சொல்லி எதிரி நாட்டு ஆளா போலீஸ்ல பதிஞ்சுது.

அதே நேரத்துல அங்க மலையில என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? 1915ல வெட்டுக்கிளி வந்து பச்சை எல்லாத்தையும் தின்னுடுச்சு, கடல் பக்கம் நேச நாட்டுக் கப்பல் மறிச்சு நிக்குது, இருந்த தானியத்த ஒட்டோமான் பட்டாளம் வாரிக்கிட்டுப் போயிடுச்சு. 1918க்குள்ள ஏறத்தாழ 2 லட்சம் பேர் பசியில செத்தாங்க, மூணுல ஒருத்தர்னு சொல்றாங்க, அதுக்கும் மேலன்னும் சொல்றாங்க. டீட்டா கையில இருந்து ரொட்டி கீழ விழுந்துச்சுன்னா எடுத்து முத்தம் கொடுத்து நெத்தியில வச்சுக்குவாங்க, நான் முதல்ல ஏதோ சாமி சம்பிரதாயம்னு தான் நினைச்சேன், ஒரு நாள் அவங்க பாட்டி கதைய சொல்லும்போது தான் எனக்கு ரெண்டும் சேர்ந்து புரிஞ்சுது.

டீட்டா வந்தது 1976ல, உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச மறு வருஷம், இடுப்புல ஒரு குழந்தையோட. இன்னைக்கு ஆஸ்திரேலியாவுல லெபனான் வம்சம்னு சொல்லிக்கிறவங்க 2021 சென்சஸ் படி ஏறத்தாழ 2.5 லட்சம். மாரோனைட் கிறிஸ்தவங்க, ஆர்த்தடாக்ஸ், சுன்னி, ஷியா, ட்ரூஸ்னு எல்லாரும் உண்டு. சிட்னியில லகெம்பா ஏரியா மசூதியும் இவங்க கட்டுனது தான், ரம்ஜான் மாசம் ராத்திரி ஹால்டன் ஸ்ட்ரீட்ல அடுப்புப் புகையில நடந்து பாரு, வீட்டுக்கு வர மனசே வராது. இந்தப் பக்கம் ஹாரிஸ் பார்க், நம்ம ஆளுங்க தோசைக் கடைக்குப் போற அதே ஏரியா, அங்க லெபனான் மாதா கோயில்ல புனித வெள்ளி அன்னைக்கு தெரு கொள்ளாத கூட்டம் நிக்கும். ஜெபத்துல நடுநடுவ சிரியாக் மொழி வரும், கேரளா சிரியன் கிறிஸ்தவங்க வச்சிருக்காங்களே அதே மொழி தான்.

ஆனா எனக்கு இவங்ககிட்ட ரொம்பப் பிடிச்சது ஊர்ச் சங்கம் தான். ப்ஷர்ரி, ஸ்கர்த்தா, ஹத்ஷித், கஃபர்ஸ்காப்னு மலையில இருக்குற சின்னச் சின்ன ஊர் ஒவ்வொண்ணுக்கும் சிட்னியில ஒரு கூட்டம் இருக்கு, கல்யாணம், சாவு, நாப்பதாம் நாள் பூசை எல்லாம் அந்த ஊர்க் கணக்குல தான் நடக்கும். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில பொறந்து அரபி பாதி தான் வர்ற பையனக் கேட்டாலும் பாட்டன் ஊர் பேரத்தான் சொல்லுவான். கல்யாணத்துல தப்கே ஆடுவாங்க பாரு, கை கோர்த்து வரிசையா நின்னு தரை அதிர மிதிக்குற ஆட்டம். அந்தக் காலத்துல மழைக்கு முன்னாடி மண்ணு கூரைய இறுக்க ஊரே ஏறி மிதிக்கும், நம்ம பக்கம் கூலி வாங்காம மாத்தாளா போவாங்களே அது மாதிரி, அதுல இருந்து வந்த ஆட்டம்னு சொல்லுவாங்க. இங்க ஓட்டு வீடு தான், மிதிக்க மண் கூரை எதுவும் இல்ல, ஆனா கால் அதே மாதிரி தான் விழுது.

ஸஜல்னு ஒண்ணு இருக்கு, அத நீ கண்டிப்பா பார்க்கணும். உன் தாத்தா எரிஞ்ச கட்சி எரியாத கட்சி லாவணி கேட்க விடிய விடிய உட்காருவாருன்னு சொல்லுவியே, அதே தான்டா! ரெண்டு பக்கமும் கவிஞருங்க, கையில டேப்பு மாதிரியே ஒரு கருவி, அங்கயே கட்டி அங்கயே பாடி ஒருத்தர ஒருத்தர் மடக்கணும், கடைசி வரிய கூட்டமே திருப்பிப் பாடும். 2014ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. நம்ம லாவணி இப்ப எங்க இருக்கு சொல்லு.

பயமுறுத்துனவங்க 2005 டிசம்பர தான் மனசுல வச்சிருப்பாங்க. சிட்னி க்ரோனுல்லா பீச்சுல வெள்ளைக்காரங்க ஆயிரக்கணக்குல கூடி அரபு முகமா தெரிஞ்சவங்கள தேடி அடிச்சாங்க, அன்னைக்கு மாட்டுனதுல வங்காளதேசத்து ஆளுங்களும் உண்டு, அடிக்குறவன் எந்த ஊர்னு கேட்கல. அப்புறம் ராத்திரியில இந்தப் பக்கத்துப் பசங்க பழிக்குப் பழின்னு போய் கார உடைச்சதும் நிஜம், நான் மறைக்கல. ஆனா அப்ப இந்த மாநிலத்துக்கு கவர்னரா இருந்தவங்க யாரு? மேரி பஷீர், லெபனான் குடும்பத்துப் பொண்ணு, நியூ சவுத் வேல்ஸோட முதல் பெண் கவர்னர், 2001ல இருந்து 2014 வரைக்கும்.

உனக்கு லெபனான்னா 2020 ஆகஸ்ட் தான் ஞாபகம் வரும், நீ அப்ப திருவொற்றியூர்ல, மணலியில இருக்குற அம்மோனியம் நைட்ரேட்ட எப்ப எடுப்பாங்கன்னு பதறிக்கிட்டு இருந்த. பெய்ரூட்ல வெடிச்சது 2750 டன், 200 பேருக்கு மேல போயிட்டாங்க. அன்னைக்கு டீட்டா பெய்ரூட்லயே அஷ்ரஃபியேங்குற ஏரியாவுல இருக்குற தங்கச்சிக்கு போன் போட்டுக்கிட்டே இருந்தாங்க, லைன் கிடைக்கல. விடியக்காத்தால தான் குரல் கேட்டுச்சு. போன வச்சுட்டு நேரா அடுப்படிக்குப் போய் மாவு பிசைஞ்சு, ஸாத்தர்னு ஒரு மூலிகைப் பொடியத் தடவி மனூஷேங்குற ரொட்டி சுட்டு, தெருவுல ஒரு வீடு விடாம கொடுத்தாங்க. ஏன்னு நான் கேட்கல.

நீ வர்றத அவங்ககிட்ட சொல்லிட்டேன். எந்த ஊருன்னு தான் முதல்ல கேட்டாங்க. திருவையாறுன்னேன், அந்த "று" மட்டும் வாய்ல நிக்க மாட்டேங்குது, ரெண்டு நாளா பேரன் பேத்தி எல்லாரையும் சொல்லச் சொல்லிப் பார்க்குறாங்க. உன் வீட்டுச் சாவி அவங்க பிரிட்ஜ் மேல இருக்கு.

அன்போட,
உன் மாப்ள